அறுபதாம் கல்யாணத்துக்கு இத்தாலியா? விருத்தாசலத்துக்கும் ஒரு டிக்கெட் போட்டுப் பாருங்கள்!

அப்பாவுக்கு அறுபது வரப்போகிறது என்றால் குடும்ப வாட்ஸ்அப் குரூப் ஆறு மாதத்துக்கு முன்பே சூடாகிவிடும். பெங்களூரில் இருக்கும் மகன், இத்தாலியக் கிராமத்துப் பண்ணை வீடு ஒன்றின் போட்டோவை அனுப்புவார். திராட்சைத் தோட்டம், ஆலிவ் மரங்கள், வாசலில் நீளமான ஒரே மேஜை, அதைச் சுற்றி மூன்று தலைமுறை. பார்த்தாலே ஆசையாக இருக்கும். அடுத்த பத்து நிமிடத்தில் பாட்டியின் முழங்கால், பேரனின் பரீட்சை, பதினைந்து பேருக்கு விசா, ஒவ்வொருவரும் நேரில் போய் ரேகை வைக்க வேண்டிய கதை எல்லாம் வரிசைகட்டி வரும். கடைசியில், போகக்கூடியவர்கள் மட்டும் போகலாம் என்று முடிவாகும். யாருக்காக விழாவோ அவர்களைப் பெற்றவர்கள் வீட்டில் வீடியோ கால் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த போட்டோவில் மனதை இழுப்பது எது என்று கொஞ்சம் யோசிக்கலாம். இத்தாலியில் விவசாயக் குடும்பங்களே தங்கள் பண்ணை வீட்டில் அறை கொடுத்து, தோட்டத்தில் விளைந்ததைச் சமைத்துப் போடுகிற பழக்கம் உண்டு. 'அக்ரிதூரிஸ்மோ' என்று அதற்குப் பெயர். 1985-ல் இதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். விருந்தினர்கள் பகலில் பக்கத்து ஊருக்குப் போய், களிமண்ணில் கைவேலை செய்பவர்களைப் பார்த்து, இரண்டு தட்டோ ஒரு கூஜாவோ வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். உம்பிரியா பகுதியில் தெரூத்தா என்கிற சிற்றூர் வண்ணப் பீங்கானுக்காகவே பிழைத்திருக்கிறது. ஃபாயென்சா என்ற ஊரின் பெயர், பிரெஞ்சு மொழியில் ஒரு வகைப் பீங்கானுக்கே பெயராகிவிட்டது.

பழைய கோயில், சோம்பலான ஆறு, சுற்றிலும் தோப்பு, நடுவில் பீங்கான் செய்கிற ஊர். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் படிக்கும்போதே சிரிப்பு வந்திருக்கும். விருத்தாசலம்தானே அது!

சென்னையிலிருந்து ரயிலில் மூன்று, மூன்றரை மணி நேரம். திருச்சி போகும் பாதையில் விழுப்புரத்துக்கு அடுத்த பெரிய ஜங்ஷன். சேலத்துக்கும் கடலூருக்கும் இங்கிருந்து பாதை பிரிகிறது. அதனால் கோவை சித்தப்பாவும் சென்னை அத்தையும் தனித்தனியாகக் கிளம்பி வந்து பிளாட்பாரத்திலேயே சந்தித்துக்கொள்ளலாம். 2006-ல் விஜயகாந்தை முதன்முதலாக சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி என்றால் மாமாக்களுக்கு உடனே ஊர் பிடிபட்டுவிடும்.

கிழவியைக் குமரியாக்கிய ஊர்

அறுபதாம் கல்யாணம் என்றாலே திருக்கடையூர்தான் நினைவுக்கு வரும். வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால், முகூர்த்த நாளில் அங்கே ஒரே பிராகாரத்தில் பல ஜோடிகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நெரிசலைப் பார்த்தவர்களுக்கு வேறோர் இடம் பற்றிய எண்ணம் வரத்தான் செய்யும். முதுமைக்கு விருத்தாசலத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். ஊரின் பழைய பெயரே திருமுதுகுன்றம். மலைகளுக்கெல்லாம் மூத்த மலை, அது பூமிக்குள் அழுந்திவிட்டது என்பது தலபுராணம். சுவாமி பழமலைநாதர், வடமொழியில் விருத்தகிரீஸ்வரர். அம்பாள் பெரியநாயகி, அதாவது விருத்தாம்பிகை.

அம்பாள் பற்றி ஒரு கதை உண்டு. சிதம்பரம் போகிற வழியில் குருநமசிவாயர் இங்கே தங்கினார். பசி. பெரியநாயகியைக் கிழவி என்று அழைத்துச் சோறு கேட்டுப் பாடினார். அம்பாள் ஒரு கிழவியாகவே எதிரில் வந்து நின்று, "கிழவியால் எப்படியப்பா சோறும் தண்ணீரும் தூக்கிக்கொண்டு வர முடியும்?" என்று கேட்டாளாம். அவர் உடனே இளமையாக வர்ணித்து இன்னொரு பாட்டுப் பாட, இளம்பெண்ணாகச் சோற்றோடு வந்தாள். அவள்தான் பாலாம்பிகை, இளையநாயகி. கோயிலில் மூத்தவள், இளையவள் இருவருக்குமே சந்நிதி இருக்கிறது. அறுபது முடிந்த அம்மாவை அந்த இரண்டு சந்நிதிக்கும் நடுவில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தால், அதைவிட நல்ல படம் டஸ்கனியில் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

குழந்தைகளுக்கும் இங்கே வேலை உண்டு. இந்தக் கோயிலில் எல்லாமே ஐந்து ஐந்தாக இருக்கும் என்பார்கள். ஐந்து கோபுரம், ஐந்து கொடிமரம், ஐந்து நந்தி, ஐந்து தீர்த்தம்... எண்ணிக் கண்டுபிடிக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் போனைத் தொட மாட்டார்கள். ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கத் தரைமட்டத்துக்குக் கீழே படி இறங்கிப் போக வேண்டும். பாட்டி மேலே நின்றே கும்பிட்டுக்கொள்ளலாம். கற்றளியாக இந்தக் கோயிலை எழுப்பியவர் செம்பியன் மாதேவி. பத்தாம் நூற்றாண்டில், கணவரை இழந்த பிறகு, கோயில் கோயிலாகக் கல்லில் கட்டிக்கொண்டே போன சோழ அரசி அவர்.

பெரியவர்களுக்கு இன்னொரு செய்தி. இங்கிருந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை திருடப்பட்டு, கடல் கடந்து, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் வரை போய்விட்டது. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது அதைத் திரும்ப ஒப்படைத்தார். பாதி ஆண், பாதி பெண்ணாக இருக்கும் அந்த மூர்த்தியின் கதையை, தம்பதி நாற்பது வருடம் கூடவே வாழ்ந்ததைக் கொண்டாடும் நாளில் சொல்லாமல் இருக்க முடியாது.

கோயிலுக்குப் பக்கத்திலேயே மணிமுத்தாறு. கோடையில் மணல்தான் அதிகம் தெரியும். இறைவன் தந்த 12,000 பொன்னை சுந்தரர் போட்டது இந்த ஆற்றில். எடுத்தது சாலை வழியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் திருவாரூர் கமலாலயக் குளத்தில். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்று வீட்டில் திட்டு வாங்கும் பிள்ளைகளுக்கு, அந்த ஆறு எது என்று காட்டிவிடலாம்.

மாவு, அச்சு, சூளை

இப்போது பீங்கானுக்கு வருவோம். நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெளிவரும் வெள்ளைக் களிமண், பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு ஒரு தொழிலைக் கொடுத்தது. செராமிக் தொழிற்பேட்டை வந்தது. செராமிக் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்க அரசுக் கல்வி நிலையம் வந்தது. சாக்கடைக் குழாய் செய்யும் அரசு ஆலையும் வந்தது. பழைய வீட்டு மீட்டர் பெட்டியில் வெள்ளையாக இருக்குமே, ஃப்யூஸ் கட்டை... மின்கம்பத்தில் இருக்குமே, இன்சுலேட்டர்... அவையெல்லாம் இந்த ஊர் செய்து அனுப்பிய சரக்கு வகைகள்தான். கூடவே அகல் விளக்கு, பறவைகள், சாமி பொம்மைகள், கொலு பொம்மைகள்.

பொம்மை செய்வதை நேரில் பார்ப்பதுதான் இந்தப் பயணத்தின் முக்கியமான பகல். களிமண்ணோடு வெள்ளைக் கல் பொடிகளைச் சேர்த்து அரைத்து, தோசை மாவு பதத்துக்குக் கரைக்கிறார்கள். அந்தக் கரைசலை இரண்டு பாதியாக இருக்கும் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். பிளாஸ்டருக்குத் தண்ணீர் குடிக்கிற குணம். அச்சின் சுவரை ஒட்டியிருக்கும் மாவிலிருந்து அது ஈரத்தை உறிஞ்ச, அங்கே மட்டும் ஓர் ஏடு கெட்டியாகப் படிகிறது. கொஞ்ச நேரம் கழித்து அச்சைக் கவிழ்த்து நடுவில் இருப்பதைக் கொட்டிவிட்டால், உள்ளே வெறும் கூடு. பொம்மையைத் தட்டினால் ஏன் டொங்கென்று சத்தம் வருகிறது என்பதற்கு விடை இதுதான். அச்சைப் பிரித்து எடுத்த பொம்மை வெண்ணெய் மாதிரி இருக்கும். இரண்டு பாதி சேர்ந்த இடத்தில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துச் சரிசெய்வது பெரும்பாலும் பெண்கள். ஒரு பிள்ளையாரின் தும்பிக்கையை அவர்கள் துடைக்கிற லாகவத்தைப் பார்த்தால், குளிப்பாட்டிய குழந்தையின் முகம் நினைவுக்கு வரும்.

பிறகு காய வேண்டும். அதன் பிறகு சூளை. பீங்கான் இறுகி வெந்து பளபளப்பாக 1,200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சூளைக்குள் போன பொம்மை, வரும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். காயாமல் சூளைக்குள் போனால் வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் போச்சு.

இந்தத் தொழில் இன்றைக்கு நிம்மதியாக இல்லை. வீடுகளில் ட்ரிப்பர் சுவிட்ச் வந்ததும் ஃப்யூஸ் கட்டைக்குத் தேவை குறைந்துவிட்டது. பிளாஸ்டிக் குழாய் வந்ததும் பீங்கான் குழாய்க்கு மவுசு போனது. பொம்மைக்கோ சீனச் சரக்கோடு போட்டி. எரிபொருள் விலை ஏறினால் முதலில் அடி வாங்குவது சூளை வைத்திருப்பவர்கள்தான். தெரூத்தாவில் ஒரு தட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டு, அதற்கு ஒரு விலை சொல்லி வாங்குபவரையும் பெருமைப்பட வைக்கிறார்கள். இங்கே அதே அளவு உழைப்பு டஜன் கணக்கில் பேரம் பேசப்படுகிறது. பெயர் போட்டு விற்க இவர்களுக்கு இன்னும் வழி அமையவில்லை.

அதனால்தான், விழாவுக்கு வருகிறவர்கள் தாம்பூலப் பையில் போடுகிற பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலாக ஒரு ஜோடி பீங்கான் அகல் கேட்டுப் பார்க்கலாம். இருநூறு பேருக்கு ஆர்டர் என்றால் ஒரு சின்னப் பட்டறைக்கு அது நல்ல வேலை. ஆனால், ஒரு வாரத்தில் கேட்கக் கூடாது. இரண்டு மாதம் முன்பே பேசிவிட வேண்டும். நவராத்திரிக்கும் கார்த்திகைக்கும் முன்னால் எல்லோரும் தலைக்கு மேல் வேலையில் இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சீக்கிரம் காயாது. தொழிற்பேட்டை டிக்கெட் கொடுத்துச் சுற்றிக் காட்டும் இடமல்ல. முன்கூட்டியே போன் செய்து அனுமதி வாங்கி, வேலை நாளில், சிறு கூட்டமாகப் போனால் மரியாதையாகச் சொல்லிக் காட்டுவார்கள். பச்சைப் பொம்மைமேல் குழந்தைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

நிஜமாகவே ஓர் இத்தாலிக்காரர்

இத்தாலி ஆசை இன்னும் போகாத மகனை முகாசாபரூர் பக்கம் கோணான்குப்பத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே இருக்கிற பெரியநாயகி அன்னை ஆலயத்தை எழுப்பியவர் வீரமாமுனிவர். 1680-ல் வட இத்தாலியில், மாந்துவா பக்கம் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த பெஸ்கி பாதிரியார்தான் அவர். இன்றைக்குச் சுற்றுலாக்காரர்கள் தேடிப் போகும் கார்தா ஏரி அவர் ஊருக்குப் பக்கம். அதையெல்லாம் விட்டுவிட்டு இந்த முந்திரிக்காட்டுச் சீமைக்கு வந்தார். 'தேம்பாவணி' எழுதினார், 1732-ல் சதுரகராதி தந்தார், பரமார்த்த குரு கதையால் தமிழ்க் குழந்தைகளைச் சிரிக்க வைத்தார். மாதாவைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் அமைக்கச் செய்தவர் அவர் என்பது வழக்கு. விருத்தாசலத்து அம்பாளுக்கும் பெரியநாயகி, கோணான்குப்பத்து மாதாவுக்கும் பெரியநாயகி! ஜனவரியில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். ஆலயத்து நிழலில் உட்கார்ந்து பரமார்த்த குருவும் சீடர்களும் ஆற்றைக் கடந்த கதையைத் தாத்தா சொன்னால் போதும்.

திரும்பும் வழியில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். உருவமில்லாமல் பலிபீட வடிவில் இருக்கும் முருகன். காணாமல் போன நகை, திரும்பாத கடன், பேசாத அண்ணன் தம்பி என்று எந்தக் குறையானாலும் தாளில் எழுதி, 'பிராது' கட்டிவிட்டுப் போகிறார்கள். உங்கள் ஊருக்கும் கோயிலுக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்துக் கட்டணம் வாங்குவது இங்கே விசேஷம். காரியம் நடந்ததும் வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். நிறைய குடும்பங்களில் கல்யாணத்துக்குக்கூட வராத ஒருவர் இருப்பார். அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் அம்மா தனியாக இங்கே வந்து போனால், எதற்கென்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

எப்போது, எங்கே தங்க?

மாசி மகத் திருவிழா சமயத்தில் ஊரே தேர் பின்னால் இருக்கும். விழா பார்க்க நல்லது, அறை கிடைப்பது சிரமம். மார்ச்சிலிருந்து மே வரை முந்திரியும் பலாவும். இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த வி.ஆர்.ஐ. ரக முந்திரிகள் விவசாயிகளிடம் பேர் பெற்றவை. பச்சை முந்திரி போட்ட குழம்பை அந்தப் பருவத்தில் சாப்பிட்டவர்கள் பாதாம் பற்றிப் பேச மாட்டார்கள். தோப்பில் கிடக்கும் கொட்டையைக் குழந்தைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோல் எண்ணெய் வாயைப் புண்ணாக்கிவிடும். வெயிலோ கொளுத்தும். வயதானவர்கள் உடன் வந்தால் தை, மாசிதான் தோது.

நட்சத்திர ஓட்டலை எதிர்பார்த்து வர வேண்டாம். ஊரில் லாட்ஜ்களும் கல்யாண மண்டபங்களும் உண்டு. இன்னும் வசதி வேண்டுமானால் நெய்வேலி அல்லது சிதம்பரத்தில் தங்கி வேனில் வந்து போகலாம். சிதம்பரம் என்றால் மறுநாள் பிச்சாவரம் படகு. தெற்கே போனால் ஸ்ரீமுஷ்ணம் பூவராகர். மண்டபம் எடுப்பவர்கள் சமையல்காரரிடம் ஒரே ஒரு விஷயம் சொல்லி வைக்கலாம்: பந்தி வரிசையை உடைத்து, மேஜைகளை ஒன்றாக இழுத்து, நீளமாக ஒரே வரிசையில் போடச் சொல்லுங்கள். நடுவில் முதல் நாள் வாங்கிய பீங்கான் அகல்களை ஏற்றிவிட்டு, தலைமாட்டில் பாட்டியை உட்கார வைத்து, முதல் இலையை அவருக்குப் போடட்டும்.