கண்டியில் ஒரு சமதரை

பந்தை உருட்டி ஆடினாலும் வீசி ஆடினாலும், முதலில் வேண்டுவது சமமான தரை. மேல்நாடுகளில் புல்தரையிற் பந்துருட்டும் சர்வதேசப் பந்தயங்களைக் காண்போர், மேசை போல் மட்டம் செய்யப்பட்ட அந்தப் பசுந்தரையைக் கண்டே முதலில் வியப்பர். நாற்புறமும் மலை சூழ்ந்த கண்டி மாநகரிலோ, சமதரை என்பது கிடைத்தற்கரிய பொருள். வீடுகள் சரிவிலே நிற்கின்றன. வீதிகள் வளைந்து வளைந்து ஏறுகின்றன. நகரின் நடுவே மட்டமாகத் தோன்றுவது ஏரி நீர் ஒன்றே. அதுவும், கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் வயல்வெளியை அணையிட்டு அமைத்ததாகும்.

இத்தகைய ஊரில் உலக நாடுகள் வந்து ஆடிய மைதானம் ஒன்று எவ்வாறு அமைந்தது? அதைக் காணவே நாம் தலதா மாளிகையைத் தரிசித்தபின், கடைவீதியைக் கடந்து அஸ்கிரிய மேட்டின் மீது ஏறினோம். பௌத்த சங்கத்தின் இரு பெரும் பீடங்களுள் ஒன்று இம்மேட்டிலேதான் உளது. அதன் அயலிலே, மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த மைதானம் கிடக்கின்றது. திரித்துவக் கல்லூரிக்கு ஏ. ஜி. பிரேசர் அதிபராயிருந்த காலத்தில், 1915ஆம் ஆண்டு இது திறந்து வைக்கப்பட்டது. இன்றும் இது அக்கல்லூரிக்கே உரியது. பாடசாலை ஒன்றுக்குச் சொந்தமான மைதானத்தில் டெஸ்ட் பந்தயம் நடப்பது உலகில் மிக அரிது.

1983ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆஸ்திரேலிய அணி வந்து இங்கே முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடியது. 2007 வரை இருபத்தொரு பந்தயங்கள் நடைபெற்றன. ஆஸ்திரேலியாவை டெஸ்ட் பந்தயத்தில் இலங்கை முதன்முதலாக வென்றதும் இவ்விடத்திலேதான். அது 1999 செப்டெம்பரில் நிகழ்ந்தது.

ஆயினும், அம்மேட்டில் நின்றபோது நம் நெஞ்சில் எழுந்தது வேறொரு வரலாறு. 1920ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து பெரியசாமி சின்னசாமி என்பவர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தார். பின்னர் அவர் திருச்சிக்குத் திரும்பினாலும், புதல்வர் முத்தையா இங்கேயே தங்கிக் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். அவர் மகனே முத்தையா முரளிதரன். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்ற அச்சிறுவன், முதலில் வேகமாகவே பந்து வீசினான். பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் சொற்கேட்டுப் பதினான்காம் வயதிலே சுழற்பந்துக்கு மாறினான். திரித்துவக் கல்லூரியோ அவன் கல்லூரிக்கு நெடுநாளைய எதிரணி!

தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தோரின் சந்ததியினரிற் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். பலர் பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. அதற்கு அடுத்த ஆண்டு மார்ச்சில், இதே அஸ்கிரியவில், ஆஸ்திரேலியாவின் காஸ்பிரோவிச்சை வீழ்த்தி முரளிதரன் தமது ஐந்நூறாவது விக்கெட்டைக் கைப்பற்றினார். 2007 டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தின் கொலிங்வுட்டை வீழ்த்தியபோது, ஷேன் வோர்னின் 708 விக்கெட் என்னும் உலக சாதனை பின்தங்கியது. அன்று அவருக்காக ஆர்ப்பரித்தவர் எந்த மொழியினர் என்று யார் கேட்டார்கள்? ஆட்டுவித்ததும் வென்றதும் இலங்கை. சாதித்தவர் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பேரர். இம்மைதானத்தில் மட்டும் பதினாறு பந்தயங்களில் அவர் கைப்பற்றியவை 117 விக்கெட்டுகள்.

ஒரு வீரரின் புகழால் ஒரு சமூகத்தின் குறை யாவும் தீர்ந்துவிட்டது என்று நாம் கூற வரவில்லை. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் வரிசை வரிசையான லயன் அறைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றிலே வளரும் பிள்ளைகளுக்குத் திறமை இல்லாமலில்லை. அதைக் காட்டச் சமதரைதான் அரிது. மலையை வெட்டி மைதானம் சமைக்க முடிந்த மனிதருக்கு, அச்சமதரையையும் சமைத்துக் கொடுப்பது இயலாத காரியமா?

இந்நாளில் சர்வதேசப் பந்தயங்கள் நகருக்குக் கிழக்கே பல்லேகலை மைதானத்தில் நடைபெறுகின்றன. 2010ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே முதல் டெஸ்ட் பந்தயம் ஆடப்பட்டது. அஸ்கிரியவோ மீண்டும் மாணவர்களின் மைதானமாகி அமைதியாய் இருக்கின்றது. கண்டிக்குச் செல்லும் மாணவர்கள், மாளிகையையும் ஏரியையும் பேராதனைப் பூந்தோட்டத்தையும் கண்டு களித்தபின், அரை நாழிகை ஒதுக்கி இம்மேட்டின் மீதும் ஏறிப் பார்ப்பார்களாக. ஏற்றம் சற்றுக் கடினமே. ஆனால், உச்சியில் இருப்பது சமதரை.