சுவருக்கு அந்தப் பக்கம்

அறுபது வயது முடிந்தால் என்ன செய்வார்கள்? திருக்கடையூருக்கு அழைத்துப் போய், மாலையும் கழுத்துமாக உட்கார வைத்து, தலையில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டுவார்கள். எனக்கும் கொட்டினார்கள். ஜலதோஷத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை விடவில்லை.

"மாமா, உங்களுக்கு என்னோட கிஃப்ட் ஒண்ணு பாக்கி இருக்கு. பழைய காலத்து இடிபாடு எல்லாம் சுத்திக் காட்டற டூர். நம்ம நாலு பேருக்கு மட்டும் தனி கைடு!"

மாப்பிள்ளை பெங்களூர்க்காரர். ஆகவே ஹம்பியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்து, பாண்டி பஜாருக்குப் போய் ஒரு தொப்பி வாங்கி வந்தேன். கல் ரதத்துக்குப் பக்கத்தில் எப்படி நிற்பது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்தாகிவிட்டது.

"எத்தனை மணிக்கு ரயில் மாப்பிள்ளை?"

"ரயில் எதுக்கு மாமா? கார்லயே போயிடலாம். ராயபுரம்தானே!"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

ராயபுரம் என்றதும் இந்த ஆள் ஏன் இப்படிப் பதறுகிறான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் யாரிடமும் சொல்லாதீர்கள், முக்கியமாக என் சகதர்மிணியிடம்.

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி எண்ணிக் கணக்கு எழுதுகிற உத்தியோகம். பழைய ஜெயில் ரோடு பக்கம் ஒரு நெடுஞ்சுவர் இருக்கிறது அல்லவா, அதை ஒட்டின சந்தில் ஓட்டு வீடு. எனக்கு மவுண்ட் ரோடில் வேலை கிடைத்த முதல் நாள், "தம்பிக்கு எந்த ஏரியா?" என்று கேட்டார் பக்கத்து சீட்டுக்காரர். "ராயபுரம்" என்றேன். மனுஷர் மேஜை மேல் இருந்த பர்ஸை எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசினார். தமாஷுக்குச் செய்தாரோ நிஜமாகவே செய்தாரோ, அன்றைக்கு என் வாயில் ஒரு பூட்டு விழுந்தது.

1990-ல் கும்பகோணத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் தாய்மாமா மெட்ராஸைக் கரைத்துக் குடித்தவர். "பட்டணத்துல நமக்கு எங்கே?" என்றார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்: "ஜார்ஜ் டவுன்!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் தட்டிலிருந்த சொஜ்ஜியைப் பார்த்தார்.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணையாக ஒன்பது வேண்டுமே! கல்யாணப் பத்திரிகையில் "சென்னை-13" என்று போட வேண்டிய இடத்தில் "சென்னை-1" என்று அச்சடித்தேன். கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்பே குரோம்பேட்டையில் வீடு பார்த்து, அப்பா அம்மாவைக் குடி மாற்றினேன். "ரிடையர் ஆயாச்சு, இனிமே எதுக்குப்பா அந்த நெரிசல்?" என்று காரணம் சொன்னேன். வாழ்நாள் பூராவும் ஒரு மூட்டை குறைந்தால்கூடப் பொறுக்காத மனுஷர், பத்திரிகையில் பதிமூன்றுக்குப் பன்னிரண்டு குறைந்ததைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஆக, முப்பத்து சொச்சம் வருஷமாக என் மனைவியை நான் பாரீஸ் கார்னருக்கு வடக்கே அழைத்துப் போனதே இல்லை. இப்போது மாப்பிள்ளை காசு கொடுத்து அழைத்துப் போகிறார்!

மத்தியானச் சாப்பாடு முடித்துக் கிளம்பினோம். கைடு வந்தாள். இருபத்தைந்து வயசுப் பெண். கழுத்தில் அட்டை, கையில் லேமினேட் பண்ணின பழைய வரைபடம். "நான் கோயமுத்தூருங்க அங்கிள். உங்களுக்கு இந்தப் பக்கமெல்லாம் பழக்கமுங்களா?"

"சுமாரா" என்றேன். சகதர்மிணி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் திருவொற்றியூர். கோயில் நடை திறந்து கூட்டம் சேர்வதற்குள் போய்விட்டோம். கருவறை விமானம் யானையின் பின்புறம் போல வளைந்திருப்பதைக் காட்டி, இதற்குத் தூங்கானை மாடம் என்று பெயர், ராஜேந்திர சோழன் காலத்தில் கல்லால் எடுத்துக் கட்டியது என்றாள். கல்வெட்டுகளைக் காட்டினாள். இலக்கணம் சொல்லிக் கொடுக்க இங்கே மண்டபம் இருந்ததாம். நான் சின்ன வயசில் அந்தப் பிராகாரத்தில் புளியோதரைக்கு வரிசையில் நின்றதோடு சரி.

அதுவரைக்கும் எல்லாம் சுகமாகத்தான் போயிற்று. மகிழ மரத்தடிக்கு வந்தோம். "இங்கதானுங்க சுந்தரர் கதை நடந்தது" என்று ஆரம்பித்தாள்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். திருவாரூரில் பரவையார் இருக்க, இங்கே சங்கிலியாரைக் கல்யாணம் பண்ண ஆசைப்பட்டார் சுந்தரர். "உன்னை விட்டுப் பிரிய மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டும். சந்நிதியில் செய்தால் வம்பு. ஆகவே, "நான் சத்தியம் பண்ணும்போது நீர் கொஞ்சம் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்" என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொண்டார். சிவன் சரி என்றுவிட்டு, நேரே சங்கிலியாரிடம் போய், "சத்தியத்தை மரத்தடியில் வாங்கிக்கொள்" என்று சொல்லிவிட்டார்! சொன்ன வார்த்தையை மீறிச் சுந்தரர் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினார். தாண்டினதும் கண் இரண்டும் போயிற்று.

"பொண்டாட்டிகிட்ட பொய் சொன்னா எல்லையிலயே மாட்டிக்குவாங்க போலிருக்கு" என்று மாப்பிள்ளை சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு ஏற்கெனவே கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

அடுத்தது ராயபுரம் ஸ்டேஷன். பம்பாயில் 1853-லும் ஹவுராவில் 1854-லும் ரயில் ஓட ஆரம்பித்தது. அந்த முதல் ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போது இல்லை. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டதே, அந்த ஸ்டேஷன் மட்டும் தூணும் முகப்புமாக இன்னும் நிற்கிறது. 2005-ல் புதுப்பித்தார்கள். சென்ட்ரல் இதற்குப் பதினேழு வருஷம் இளையது. மாப்பிள்ளை நாற்பது போட்டோ எடுத்தார். ராயப்பர், அதாவது செயின்ட் பீட்டர், பெயரால்தான் ராயபுரம் என்று சொல்வார்கள் என்றாள் கைடு. இத்தனை பெருமையும் என் பிறந்த வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்! நான் மட்டும் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். தெரிந்தவன் எவனாவது "டேய்" என்று கூப்பிட்டுவிட்டால்?

ஒருவரும் கூப்பிடவில்லை. அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏனோ அப்படி இல்லை.

கடைசியாகச் சுவர்.

மாடிப் பூங்கா என்றால்தான் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். நாங்கள் பம்பரம் விட்டதும், பட்டத்துக்கு மாஞ்சா போட்டதும், பரீட்சை மார்க் ஷீட்டைக் கிழித்துப் பறக்க விட்டதும் அதன் மேல்தான். அது என்ன சுவர், யார் கட்டினது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வானம், கடல், சுவர்! அது பாட்டுக்கு இருந்தது.

கைடு வரைபடத்தை விரித்தாள். கோட்டைக்கு வடக்கே இருந்த ஊருக்குக் கறுப்பர் பட்டணம் என்று பெயர். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தபோது கோட்டைக்குள் இருந்தவர்கள் தப்பித்தார்கள், பட்டணத்து ஜனங்கள் கொள்ளை போனார்கள். அப்புறம் ஹைதர் அலியின் குதிரைப்படை 1767-ல் நகரத்தின் ஓரம் வரை வந்து சூறையாடிற்று. 1769-ல் ஹைதரே பரங்கிமலைப் பக்கம் வந்து நின்று, தான் சொன்னபடி உடன்படிக்கை எழுத வைத்தார். அதற்கப்புறம்தான் கும்பினிக்காரனுக்குப் புத்தி வந்து, வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினான். காண்டிராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்ட். கும்பினியில் சம்பளத்துக்கு வந்த ஆசாமி. காண்டிராக்டிலும், ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்ததிலும் கொழுத்துப்போய், 1785-ல் லண்டன் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் பெயர் சொல்லித் திட்டுகிற அளவுக்கு உயர்ந்தார். கடைசியில் 1810-ல் பாரிஸில் கையில் காசில்லாமல் செத்துப்போனார்.

சுவருக்கு ஆன செலவை ஊர் ஜனங்களிடமே வரியாகக் கறக்கலாம் என்று பார்த்தார்கள். ஜனங்கள் மசியவில்லை. வரி போயிற்று, பெயர் மட்டும் வால்டாக்ஸ் ரோடு என்று தங்கிவிட்டது. யானைக்கவுனி என்கிறோமே, அந்தக் கவுனியும் இந்த மதிலில் இருந்த வாசல்தான். இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய மதிலை அப்புறம் எந்தப் படையும் வந்து முற்றுகை போடவில்லை! அடுத்த நூற்றாண்டில் அங்கங்கே இடித்துத் தள்ளிவிட்டார்கள். மிச்சம் இந்தத் துண்டு. இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

"ஏழுகிணறு வீராசாமி தெருவுல இருந்த வள்ளலார், திருவொற்றியூருக்கு நடந்தே போவாருங்களாம். இந்த மதில் வரிசையைத் தாண்டித்தானே போயிருக்கணும்!" என்றாள் கைடு. அறுபது வருஷத்தில் எனக்கு ஒருத்தரும் இதைச் சொன்னதில்லை. கோயமுத்தூரிலிருந்து ஒரு பெண் வரவேண்டியிருந்தது.

மேலே ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது, படியால் மட்டும் அல்ல.

"இதோ பாருங்க, சுவத்துக்குத் தெக்கால இருக்கறது பட்டணம். அதாவது ஜார்ஜ் டவுன். 1911-ல இளவரசரா வந்துபோனவர் சக்கரவர்த்தியா முடிசூட்டிக்கிட்டப்ப அவர் பேரை வெச்சாங்க. வடக்கால இருக்கறதெல்லாம் பட்டணத்துக்கு வெளிய. வண்ணாரப்பேட்டை, ராயபுரம்..."

நான் அதைக் கேட்கவில்லை. வடக்குப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்து அதே சந்துதான். ஓடு போய், மூன்று மாடிக் கட்டடம். மாடியில் யாரோ கைலியை உலர்த்தியிருந்தார்கள். என்னையறியாமல் வாய் சொல்லிற்று: "அட! இங்கேர்ந்து பார்த்தா எங்க வீட்டு ஓடு நேரே தெரியும்..."

ஒரு நிமிஷம் சத்தமே இல்லை.

"எங்கப்பா?" என்றாள் மகள். "அது வெளியே ஆச்சே! நீங்க ஜார்ஜ் டவுன்னுதானே சொல்வீங்க?"

சுந்தரருக்காவது கண்தான் போயிற்று. எனக்கு நாக்கே போய்விட்டது. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கீழே சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூலையில ஒரு அடி பம்ப் இருக்குமே, எடுத்துட்டாங்களா?" என்றாள்.

இருந்தது. எங்கள் சந்து மூலையில் அடி பம்ப் இருந்தது. "உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கு இந்த டூர் முன்னாடியே ஆயாச்சுங்க. கைடு உங்கப்பா."

1991-ல் அவளுக்கு ஏழாம் மாசம். வடிவுடையம்மனைத் தரிசனம் பண்ணி வைக்கிறேன் என்று அப்பா அவளைத் திருவொற்றியூர் அழைத்துப் போனது எனக்குத் தெரியும். நான் ஆபீசில் இருந்தேன். திரும்புகிற வழியில் ராயபுரத்தில் பஸ்ஸை விட்டு இறக்கி, நிதானமாக நடத்தி அழைத்து வந்து, "இதாம்மா நம்ம வீடு" என்று காட்டியிருக்கிறார். குடியிருந்தவர்களிடம் சொல்லி உள்ளே உட்கார வைத்து, அந்த பம்ப் தண்ணீரில் முகம் கழுவச் சொல்லியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் இவள் மூச்சு விடவில்லை!

"அப்ப நானும் இந்த டூர் வந்திருக்கேன்!" என்று மகள் கைதட்டினாள். மாப்பிள்ளைக்கு விஷயம் பாதி புரிந்தது. கைடு வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நாசூக்காக நாலடி தள்ளிப் போனாள்.

"என்னைப் பத்தி என்ன சொன்னார்?" என்று கேட்டேன். கேட்கப் பயமாகத்தான் இருந்தது.

"ஒண்ணும் சொல்லலை. நான்தான் கேட்டேன், ஏன் மாமா அவர் அப்படிச் சொன்னார்னு. அதுக்கும் பதில் இல்லை. இந்தச் சுவத்தைக் காட்டி, சின்னப் பையனா இருக்கறப்ப அவனைத் தோள்ல தூக்கிட்டு மேல ஏறுவேன்மா, ஹார்பர் கிரேன் தலை தெரியும், அதுக்குக் கீழதான் அப்பா இருக்கேன்னு காட்டுவேன்னார். அவ்வளவுதான்."

கிழக்கே திரும்பிப் பார்த்தேன். எல்லாம் மாடிக் கட்டடங்கள். கிரேன் தெரியவில்லை. புதுசாக ஆபரேஷன் ஆன கண் வேறு, காற்றுப் பட்டால் தண்ணீர் வரும்.

"டூர் இதோட முடிஞ்சதுங்க" என்றாள் கைடு.

"முடியலை" என்றாள் என் மனைவி. "வாங்க, நான் காட்டறேன்."

காரை நேரே பீச் ஸ்டேஷன் பக்கம் விடச் சொன்னாள். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் போட்ட அத்தோ கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றனவே, அதில் ஒரு தள்ளுவண்டி முன்னால் போய் நின்றாள். கும்பகோணத்துப் பெண், நான் பார்க்க வெங்காய சாம்பாரைத் தாண்டாதவள், "அஞ்சு அத்தோ. முட்டை வேண்டாம். வாழைத்தண்டு சூப் தனியா" என்று அதட்டலாகச் சொல்கிறாள்! மாப்பிள்ளை என் காதில், "மாமா, இப்ப ரெண்டு கைடுக்கும் டிப்ஸ் தரணுமா?" என்றார்.

பிளேட்டை என்னிடம் நீட்டியபடி அவள் சொன்னாள்: "அன்னிக்கு மாமா ரெண்டு பிளேட் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து பசிக்கலைன்னுட்டு வெறும் மோரைக் குடிச்சிட்டுப் படுத்தாரே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. வயிறு சரியில்லையோ என்று ராத்திரி பத்து மணிக்குக் கடை கடையாக அலைந்து நான்தான் ஓமவாட்டர் வாங்கி வந்து கொடுத்தேன். பாவி மனுஷர், ஒன்றும் சொல்லாமல் அதையும் குடித்தார்.