ஏற்கப்பட்ட விடை

நன்னூலில் பவணந்தியார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்திருக்கிறார். அறிவினா, அறியாவினா, ஐயவினா என்று தொடங்கும் அந்த வரிசையை ஆண்டுதோறும் இளங்கலை மாணவர்களுக்கு நடத்துகிறேன். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடியான விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல் முதலிய ஐந்தும் சுற்றி வந்தாலும் விடையின் பயனைத் தருவதால் விடைகளாகவே கொள்ளப்படும். ஆனால் ஒரே வினாவுக்கு மூவர் மூன்று விடைகளைத் தந்து, மூன்றும் சரியாகவே இருந்துவிட்டால் எதை ஏற்பது என்பதற்கு நன்னூலில் நூற்பா இல்லை.

அத்தகைய நூற்பாவின் தேவையை எனக்கு உணர்த்தியவை கேள்வி பதில் இணையதளங்கள். கணினி நிரலாளர்களுக்காக 2008இல் தொடங்கப்பட்ட ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு வழக்கம் உண்டு. வந்த விடைகளுள் ஒன்றன் அருகே பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி இடலாம். இடும் உரிமை கேட்டவருக்கு மட்டுமே. அதுவும் ஒரே ஒரு விடைக்குத்தான். படிப்பவர்கள் தங்கள் வாக்கை எந்த விடைக்கும் அளிக்கலாம். குறி பெற்றவரின் கணக்கில் 15 புள்ளிகள் சேரும். இட்டவருக்கும் 2 புள்ளிகள் உண்டு. குறி இட்டே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இட்ட பிறகு மனம் மாறினால் வேறொரு விடைக்கு மாற்றிக்கொள்ளவும் தடையில்லை. பார்க்க எளிதாகத்தான் இருக்கிறது.

இதே முறையைக் கொண்ட வேறொரு தளத்தில் நானும் ஒரு கேள்வி கேட்க நேர்ந்தது. சங்கப் பாடல்களுக்கு முதற்குறிப்பு அகராதி ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தேன். சில நூறு வரிகளைத் தட்டச்சு செய்து கணினியிடம் அடுக்கச் சொன்னால், அது 'அழகு' என்பதை முன்னும் 'அவல்' என்பதைப் பின்னும் வைத்தது. கடைசியில் நிற்க வேண்டிய 'அனிச்சம்', 'அமிழ்து'க்கு முன்னால் வந்து நின்றது. நெடுங்கணக்கைக் குழந்தைகூட ஒப்பிக்கும். கணினிக்கு மட்டும் ஏன் தடுமாற்றம்? இந்த வரிசையை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டு எழுதினேன்.

இரண்டு நாளில் மூன்று விடைகள் வந்தன. முதலாமவர் இரண்டே வரியில், அடுக்கும் இடத்தில் மொழியைத் தமிழ் என்று குறித்துவிடுங்கள் என்றார். இரண்டாமவர், எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று திருப்பிக் கேட்டுவிட்டுச் சிறு நிரல் ஒன்றையும் எழுதித் தந்தார். வினா எதிர் வினாதலை நன்னூலாரும் எண்ணுகிறார். ஆனால் அங்கே 'செய்யேனோ' என்பது 'செய்வேன்' என்ற உடன்பாட்டைத் தரும். இங்கே கேட்கப்பட்டது மெய்யான வினா. மூன்றாமவருடையது ஒரு கட்டுரை. ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பதையும், அதன் அடுக்கு 1988ஆம் ஆண்டின் இஸ்கி என்னும் இந்திய நியமத்தைப் பின்பற்றியதையும், இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக அமைந்த அந்த அடுக்கில் 'ந'வை அடுத்து 'ன'வும், 'ர'வை அடுத்து 'ற'வும், 'ல'வுக்குப் பின் 'ள', 'ழ', 'வ' என்ற வரிசையும் அமைந்ததையும் அவர் விளக்கியிருந்தார். எழுத்துக்குத் தரப்பட்ட எண் அதன் அடையாளம் மட்டுமே, அகரவரிசை ஒவ்வொரு மொழிக்கும் தனியே எழுதப்படும் விதி என்று முடித்திருந்தார்.

முதல் விடை என் வேலையை ஒரு நிமிடத்தில் முடித்தது. மூன்றாவது விடையால் நான் பல நாள் கண்டும் கேளாமலிருந்த ஒன்று விளங்கியது. முகம் தெரியாத ஒருவர் தமது மாலைப் பொழுதை எனக்காகச் செலவிட்டிருக்கிறார். அவருக்குக் குறி இடாமல் விடுவது நன்றி கொல்வதாகாதா? இரண்டு வரிக்காரர் இதை எழுத இரண்டு நிமிடம்கூட எடுத்திருக்க மாட்டார். ஆனால் உழைப்பின் அளவைக் கொண்டு விடையை எடைபோடலாமா? பக்கக் கணக்குப் பார்த்து மதிப்பெண் இடும் ஆசிரியரை நாமே கேலி செய்வதில்லையா? கணினித் துறையிலுள்ள இளைய நண்பரிடம் சொன்னபோது, "உங்க வேலையை எது முடிச்சுதோ அதுக்குப் போடுங்கம்மா, இதுக்கா ரெண்டு நாளா யோசிக்கிறீங்க?" என்று சிரித்தார்.

எனக்குத் தருமியின் நினைவு வந்தது. 1965இல் வெளிவந்த திரைப்படத்தில் நாகேஷின் நடிப்பால் அவர் நகைச்சுவைப் பாத்திரமாகவே நம் மனத்தில் தங்கிவிட்டார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அந்தக் கதையைப் படிக்கும்போது வேறொன்று புலப்படுகிறது. ஐயம் பாண்டியனுடையது, பாட்டைக் கேட்டு மகிழ்ந்தவனும் அவனே, பொற்கிழியும் அவனுடையது. ஆயினும் நக்கீரர் பாட்டில் குற்றம் உண்டென்று தடுக்கிறார். கேட்டவனின் மனநிறைவும் கற்றவனின் ஒப்புதலும் ஒன்றல்ல என்பதுதான் அங்கே எழும் வழக்கு. இணையதளம் இந்த வழக்கைத் தீர்க்க முயலாமல் இரண்டுக்கும் தனித்தனி இடம் தந்துவிட்டது: பாண்டியனுக்குச் சரிக்குறி, கீரனுக்கு வாக்கு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நெடுங்காலம் குறி பெற்ற விடையே வாக்கு குறைந்திருந்தாலும் முதலில் நின்றது. 2021இல் அந்தச் சலுகை நீக்கப்பட்டது. அங்கே இப்போது கீரர்களின் கை ஓங்கியிருக்கிறது.

நான் பாண்டியன் பக்கமே நின்றேன். எப்படிச் சரிசெய்வது என்றுதான் கேட்டிருந்தேன். சரிசெய்த விடைக்கே குறி இட்டேன். பிறகு, கணினியின் எழுத்து வரிசை நெடுங்கணக்கோடு ஏன் ஒத்துப்போவதில்லை என்று தனியே இன்னொரு கேள்வி எழுதி, மூன்றாமவரை அங்கே வரும்படி வேண்டிக்கொண்டேன். அவர் தம் கட்டுரையை இன்னும் விரித்து அங்கே இட்டார். அந்த விடைக்கு உரிய வினா அதுதான். அதற்கும் குறி கிடைத்தது. நிரல் எழுதித் தந்தவருக்கு என் நன்றி மட்டுமே போயிற்று. ஆனால் பட்டியலைத் தாமே நிரல்கொண்டு அடுக்க விரும்பும் ஒருவர் நாளை வந்தால், அவருக்கு அந்த விடையே முதல் விடையாக இருக்கும். அது அங்கேயே இருக்கிறது என்பது பெரிய ஆறுதல்.

ஏனெனில், ஏற்கப்படாத விடைகளுக்கு நேர்ந்த கதி நம் இலக்கியத்தில் இருக்கிறது. திருக்குறளுக்கு உரை கண்டோர் பதின்மர் என்பது மரபு. நமக்குக் கிடைத்திருப்பவை மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதியார், காலிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவரின் உரைகள். தருமர், தாமத்தர், நச்சர், திருமலையர், மல்லர் ஆகிய ஐவரும் இன்று வெறும் பெயர்கள். ஓலைக்கு ஆயுள் குறைவு. யாரேனும் விரும்பிப் பெயர்த்து எழுதினால்தான் அடுத்த தலைமுறைக்கு வரும். கற்றோர் பரிமேலழகருக்குக் குறி இட்டார்கள். அதில் தவறென்ன இருக்கிறது? ஆனால் பிறர் கொண்ட பாடங்களையும் பொருள்களையும் மறுப்பதற்காகவேனும் தம் உரைக்குள் குறித்து வைத்தவரும் அவரேதான்.

ஓலைக்கு மட்டும்தான் இந்த ஆபத்து என்பதுமில்லை. 2005இல் தொடங்கிய யாஹூ ஆன்சர்ஸ் 2021இல் மூடப்பட்டபோது, சிறந்த விடை என்று தேர்ந்தவையும் தேராதவையும் சேர்ந்தே அந்தத் தளத்திலிருந்து மறைந்தன.

வகுப்பில் குறள் நடத்தும்போது பரிமேலழகரைச் சொல்லிவிட்டு மணக்குடவரையும் காலிங்கரையும் படித்துக் காட்டுவேன். "தேர்வுக்கு எதம்மா எழுதறது?" என்று யாராவது ஒருவர் கேட்பார். "பரிமேலழகர்" என்பேன். உடனே பேனாக்கள் குனியும். குனியாத ஒன்றிரண்டு தலைகளைப் பார்த்துக்கொண்டே மற்ற இரண்டு உரைகளையும் மீண்டும் ஒருமுறை படிக்கிறேன்.