எஸ்தெலியின் சுருட்டுக் கைகள்

நிகரகுவாவின் வடக்கு மலைகளுக்கு நடுவே, கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது எஸ்தெலி. பேருந்தை விட்டு இறங்கியதுமே புகையிலை வாசனை மூக்கில் ஏறுகிறது. இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த இலைதான் சோறு போடுகிறது. பெரிய நிறுவனங்களின் சுருட்டும் இங்கிருந்து போகிறது; நாலைந்து மேசை மட்டும் போட்டு, குறைந்த எண்ணிக்கையில் சுற்றப்படுகிற 'பொட்டீக்' சுருட்டும் போகிறது. இரண்டாவது வகையை எப்படிச் சுவைத்து மதிப்பிடுகிறார்கள் என்று பார்க்கத்தான் ஒரு சிறு பட்டறைக்குப் போனேன்.

இந்த ஊருக்குச் சுருட்டு வந்தது கியூபாவிலிருந்து. 1959-இல் அங்கே புரட்சி வென்றது. அடுத்த ஆண்டே புகையிலைத் தொழில் அரசுடைமையானது. நிலமும் ஆலையும் இழந்த சிலர் விதைகளோடும் கைத்தொழிலோடும் வெளியேறினார்கள். 1962 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபப் பொருள்களுக்குத் தடை விதித்ததும், அமெரிக்கச் சந்தைக்கு வேறு மண் தேவைப்பட்டது. எஸ்தெலி, கொண்டேகா, ஹலாப்பா பகுதிகளின் எரிமலை மண் அதற்கு வாகாக அமைந்தது. 1968-இல் இங்கே ஒரு சுருட்டு ஆலை எழுந்தது. 1979-இல் நிகரகுவாவின் சர்வாதிகாரி சொமோசாவின் ஆட்சி வீழும்வரை எஸ்தெலி தெருக்களில் கடும் சண்டை நடந்தது. 1985-இல் நிகரகுவா மீதே அமெரிக்கத் தடை வந்து, 1990-இல்தான் நீங்கியது. இத்தனைக்கும் நடுவே தொழில் அழியாமல் நின்றதற்குக் காரணம், அது தெரிந்த கைகள் ஊரைவிட்டுப் போகவில்லை என்பதுதான்.

பட்டறையில் முதலில் காட்டியது அம்பாரக் கொட்டகை. உலர்ந்த இலைகளைக் கட்டுக் கட்டாக, ஓர் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஈரமும் எடையும் சேர்ந்து அம்பாரம் தானாகவே சூடேறுகிறது. நடுவில் செருகிய நீண்ட வெப்பமானியை உருவிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் ஒரு முதியவர். சூடு 45, 50 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அம்பாரத்தைப் பிரித்து, உள்ளே இருந்தது வெளியே வரும்படி மறுபடி அடுக்க வேண்டும். மாதக்கணக்கில் நடக்கும் இந்த நொதிப்பில்தான் இலையின் காரமும் கசப்பும் அடங்குகின்றன. அப்போது வெளியேறும் அம்மோனியா கண்ணை எரிக்கிறது. நான் வாசல் பக்கம் ஒதுங்கி நின்றேன். அவர் அங்கேயே நின்று, ஓர் இலையை விரலிடுக்கில் பிசைந்து முகர்ந்து, "இன்னும் ஆகவில்லை" என்றார்.

அடுத்த அறையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நடுநரம்பை உருவிக்கொண்டிருந்தார்கள். ஒரே இழுப்பு, நரம்பு தனியே வருகிறது, இலை கிழியாமல் இரண்டாகிறது. ஒரே செடியில் அடியிலை நன்றாக எரியும், நடுவிலை மணம் தரும், உச்சியிலை காரம் தரும். வொலாதோ, செக்கோ, லிஹேரோ என்று இவற்றுக்குத் தனித்தனிப் பெயர். எது எத்தனை பங்கு என்பதுதான் ஒரு சுருட்டின் கலவை.

சுற்றும் மேசைகளில் இருவர் இருவராக வேலை செய்கிறார்கள். ஒருவர் உள்ளிலைகளைச் சேர்த்துக் கற்றை பிடிக்கிறார். மற்றவர் மேலிலை சுற்றுகிறார். என் பக்கத்து மேசையில் கற்றை பிடித்த இளைஞர் ஒவ்வோர் இலையையும் குழல்போல மடித்து, இடையில் காற்று ஓட வழி விட்டு அடுக்கினார். மெதுவாக எரியும் உச்சியிலையை நட்டநடுவில் வைத்தார். கற்றையைக் கட்டும் இலையால் சுற்றி மர அச்சில் வைத்து அழுத்தியாயிற்று. சற்று நேரம் கழித்து அச்சைத் திறந்து, கற்றையைத் திருப்பி வைத்து மறுபடி அழுத்தினார். அச்சில் வைக்குமுன் ஒவ்வொரு கற்றையையும் கட்டைவிரலால் நீளவாக்கில் அழுத்திப் பார்க்கிறார். சந்தையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துப் பிஞ்சா முற்றலா என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்களே, அந்தத் தேர்ச்சி அந்த விரலில் இருந்தது.

எதிரே இருந்த அம்மா மேலிலையைப் பலகையில் விரித்து, பிறை வடிவக் கத்தியால் ஓரத்தைச் சீவினார். பட்டுத்துணி கனம்கூட இல்லாத இலை. நரம்பு ஓடும் பக்கம் உள்ளே போக வேண்டும். கற்றையைச் சாய்வாக வைத்து உருட்ட உருட்ட, இலை ஒரே இழுவிசையில் சுற்றிக்கொண்டு போனது. தலைப்பில் சிறு வட்டத்துண்டு வெட்டி, தாவரப் பசை தொட்டுத் தொப்பி ஒட்டினார். 'ரொபுஸ்தோ' என்ற அந்த வகைக்கு 5 அங்குல நீளம், 50 என்ற பருமன். பருமன் கணக்கு அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு. ஆகவே 50 என்றால் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். அவர் அளவுகோலை எடுத்ததை நான் பார்க்கவில்லை.

ஐம்பது சேர்ந்ததும் ஒரு கட்டு. அதில் ஒரு துண்டுச்சீட்டு. சீட்டில் அந்த ஜோடியின் எண். கட்டு அப்படியே சோதனைக்குப் போகிறது. காற்று எவ்வளவு எளிதாக இழுபடுகிறது என்று ஒரு கருவி சொல்லும். புகையிலை வண்டின் முட்டை அழிய உறைகுளிரில் வைக்கிறார்கள்; நம் ஊர்க் கிடங்குகளில் மஞ்சளைத் துளைக்கும் அதே வண்டு. பிறகு செத்ரோ மரப்பலகை அடித்த அறையில் மாதக்கணக்கில் ஓய்வு. செத்ரோ நம் வேம்பின் குடும்பத்து மரம்.

கடைசியில்தான் சுவைக்கும் மேசை. பட்டைப் பெயர் எதுவும் இல்லாத சுருட்டுகள், ஒரு குவளைத் தண்ணீர், ஒரு படிவம். தொப்பியை மெல்லியதாகச் சீவி, கொளுத்தாமலே ஓர் இழுப்பு இழுத்து இலையின் வாசம் பார்க்கிறார்கள். பிறகு தீ நேரடியாகப் படாமல் நுனியை வாட்டிக் கொளுத்துகிறார்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்புப் போதும். வேகமாக இழுத்தால் சூடேறிக் கசக்கும். புகையை நெஞ்சுக்குள் விடாமல் வாயில் நிறுத்தி, சிறிதளவை மூக்கு வழியே விடுகிறார்கள். சுருட்டை மூன்று பங்காக மனத்தில் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியே குறிப்பு எழுதுகிறார்கள். எனக்குத் தந்த சுருட்டில் முதல் பங்கு மிளகுக் காரம். நடுவில் காரம் தணிந்து, சர்க்கரை போடாத காப்பியும் ஈர மண்ணும் கலந்த மணம். கடைசிப் பங்கில் காரம் திரும்பி வந்தது.

சாம்பலையும் படிக்கிறார்கள். இது நமக்குப் புதிதில்லை. கானன் டாயில் எழுதி 1887-இல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார் துப்பறிவாளர். திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையும் திருச்சிக் கைகளும் சேர்ந்து லண்டன் வாசகருக்குப் பரிச்சயமாக்கிய பெயர் அது.

சுவைப்பவர் ஒவ்வொரு குறைக்கும் காரணம் சொன்னார். இழுப்பு இறுகினால் கற்றையில் இலை முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒருபக்கம் மட்டும் எரிந்தால் உச்சியிலை நடுவிலிருந்து நகர்ந்திருக்கிறது. அம்மோனியா அடித்தால் அம்பாரத்தை அவசரப்பட்டுப் பிரித்திருக்கிறார்கள். சீட்டிலுள்ள எண்ணைப் பார்த்து உரிய மேசைக்குச் செய்தி போகிறது.

நான் கேட்டேன்: "நன்றாக இருந்தால்?"

"நன்றாக இருந்தால் பெட்டிக்குப் போகும்" என்றார்.

என் மனம் அந்த இடத்தில்தான் நின்றது. 1992-இல் தொடங்கிய ஓர் அமெரிக்க இதழ் சுருட்டுகளுக்கு 100-க்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் வழக்கத்தைப் பரப்பியது. 90-ஐத் தாண்டினால் விலை ஏறும், பெட்டியின் மேல் அந்த எண்ணும் ஏறும். ஆனால் குறை வந்தால் ஆளைக் கண்டுபிடிக்கும் ஜோடி எண், புகழ் வரும்போது உதவுவதில்லை. மணம் அம்பாரக்காரருடையது, சீரான எரிதல் கற்றை பிடித்தவருடையது, அழகு மேலிலை சுற்றியவருடையது. மதிப்பெண் மட்டும் முதலாளியின் பெயருக்கு.

உடல் தரும் விலையும் தொழிலாளர்களுடையதுதான். ஈர இலையைத் தொட்டு அறுவடை செய்கிறவருக்குத் தோல் வழியே நிக்கோட்டின் ஏறி வாந்தியும் தலைசுற்றலும் வரும். புகைப்பவருக்கும் சுருட்டு பாதுகாப்பானதல்ல. நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அது காரணமாகிறது. ஆகவே யாரையும் புகைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஏற்கெனவே புகைத்து, ருசித்து, மதிப்பெண் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்தச் சுருட்டைப் புகழ்ந்தாலும், அதைச் சுற்றியவர் யார், அவருக்கு என்ன கூலி, என்ன பாதுகாப்பு என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: துண்டுச்சீட்டில் இருக்கும் அந்த எண்ணைப் பெயராக மாற்றிப் பெட்டியில் அச்சிடுங்கள். அதற்குச் செலவாவது கொஞ்சம் மைதான்.