யார் கூட்டும் சாம்பல்?

எங்கள் வீட்டில் சாம்பல் கெட்ட பொருள் அல்ல. ஆயா அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்குவார். வழுக்கும் விரால் மீனை அதில் புரட்டித்தான் ஆய்வார். கத்தரிச் செடியில் பூச்சி கண்டால் ஒரு கை அள்ளித் தூவுவார். அதனால்தானோ என்னவோ, நிலக்கரிச் சாம்பல் என்று கேட்கும்போது நம்மில் பலருக்குப் பயம் வருவதில்லை. பெயர் ஒன்றுதான், பொருள் வேறு.

நிலக்கரியில் ஆர்செனிக், ஈயம், காட்மியம் போன்றவை சிறிதளவு உண்டு. கரி எரிந்துபோன பிறகு அவை சாம்பலில் செறிந்து தங்குகின்றன. காற்றில் பறந்தால் அதன் நுண்துகள் நுரையீரலின் அடிவரை போகும். தண்ணீரில் கரைந்தால் ஊர்க் கிணறு வரை இறங்கும். ஈயத்தைப் பெண்கள் தனியாக அறிந்துகொள்ள வேண்டும். உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து போலவே எலும்பில் சேர்த்துவைக்கிறது. கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து சத்து கரையும்போது ஈயமும் ரத்தத்தில் கலந்து, தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது. சிறுமியாக அவள் சுவாசித்தது, அவள் பிள்ளைக்கும் போய்ச் சேர்கிறது.

நான் இருப்பது பொத்தேரியில். ஹாஸ்டல்களும் அடுக்குமாடிகளும் நிறைந்த ஊர். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் கணக்கில் கழியும் இலவச 100 யூனிட், முழுக்க நிலக்கரியிலிருந்து வந்ததாக வைத்துக்கொண்டால், 20 கிலோவுக்கு மேல் சாம்பல். என் வீட்டில் ஒரு பொட்டுகூட விழவில்லை. எங்கே போனது?

இங்கிருந்து ரயிலேறிச் சென்னை போய், கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறினால் அத்திப்பட்டு வரும். அங்கே வடசென்னை அனல்மின் நிலையம். முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் உடைந்து ஆண்டுக்கணக்கில் கொசஸ்தலை ஆற்றில் கொட்டின. ஆறு மேடானது. மீனவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். குளத்தை ஒட்டியே செப்பாக்கம் என்ற ஊர் இருக்கிறது.

சாம்பல் விழும் ஊரில் வேலை எப்படிப் பெருகும் என்று வீடு கூட்டுகிற எவளுக்கும் தெரியும். தண்ணீர்க் குடத்தை மூட வேண்டும், கொடித் துணியை மறுபடி அலச வேண்டும், இருமும் பிள்ளையோடு விழித்திருக்க வேண்டும். மின்கட்டணத்தில் நிலக்கரி விலை உண்டு, கப்பல் வாடகை உண்டு, கடனுக்கு வட்டி உண்டு. இந்த வேலைக்கு மட்டும் வரி இல்லை.

சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும் என்கிறது 2021 டிசம்பரில் வந்த மத்திய அரசின் அறிவிக்கை. நல்லதுதான். கல்லாகவும் சிமெண்டாகவும் இறுகிய சாம்பல் பறப்பதில்லை. ஆனால் இறுகும்வரை? எங்கள் தெருவில் எழும்பும் கட்டடத்தில் சிமெண்ட் மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிற சித்தாளுக்கு முந்தானைதான் முகக்கவசம்.

சாம்பல் குளத்தை ஒட்டிய ஊர்களில் கிணற்று நீரையும், கர்ப்பிணிகள், குழந்தைகளின் ரத்தத்தில் உள்ள ஈயத்தையும் அரசு சோதித்து, முடிவை அந்த ஊர்ப் பெண்களின் கையில் கொடுக்க வேண்டும். சித்தாளுக்கு நல்ல முகக்கவசத்தை மேஸ்திரி தர வேண்டும். கேட்க வேண்டியவர்கள், ஸ்விட்ச் போடுகிற நாம்தான்.