அத்திபெலேயும் என் அட்டவணையும்

2023 ஆகஸ்டில், ஆய்வுப் பயிற்சிக்காக ஓர் அட்டவணை தயாரித்தேன். வட்டார அவசரகால மேலாண்மை அமைப்பு ஒன்று பயங்கரவாத இடரை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பது பொருள். எடுத்துக்கொண்ட ஊர், நான் அடிக்கடி பேருந்தில் கடக்கும் அத்திபெலே. ஆனேகல் வட்டத்தின் எல்லையூர் அது. அதைத் தாண்டினால் தமிழ்நாட்டின் ஜூஜூவாடி, பிறகு ஓசூர்.

இத்துறையில் பரவலாகப் புழங்கும் சூத்திரம் எளியது: அச்சுறுத்தல், பலவீனம், விளைவு ஆகிய மூன்றையும் பெருக்கினால் இடர். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். சோதனைச் சாவடி, சுங்கச் சாவடி, பேருந்து நிறுத்தம் ஆகியவை என் பட்டியலின் உச்சியில் நின்றன. 4, 3, 5 ஆகியவற்றைப் பெருக்கி 60 என்று எழுதியபோது, ஏதோ அளந்துவிட்டதைப் போன்ற நிறைவு ஏற்பட்டது. உண்மையில் அளந்தது எதுவுமில்லை. என் ஊகங்களுக்கு எண்களைச் சூட்டியிருந்தேன், அவ்வளவே.

சூத்திரத்தின் குறையை அறிஞர்கள் முன்பே சுட்டியிருக்கிறார்கள். கரை எங்கே தாழ்ந்திருக்கிறது என்று ஆராய்ந்து வெள்ளம் வருவதில்லை. தாக்குபவரோ ஆராய்ந்தே வருகிறார். ஓரிடத்தில் காவலைக் கூட்டினால் அவர் வேறிடம் தேடுவார். ஆகவே அச்சுறுத்தலும் பலவீனமும் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டு பெருக்குவது பிழை. நிகழ்வுகளும் அரிதானவை. 2005 டிசம்பர் 28 அன்று இந்திய அறிவியல் கழக வளாகத்தில் பேராசிரியர் எம்.சி. பூரி சுட்டுக் கொல்லப்பட்டதையும், 2008 ஜூலை 25 தொடர் குண்டுவெடிப்பையும், இன்னும் சிலவற்றையும் வைத்துக்கொண்டு பெங்களூருக்கு நிகழ்தகவு கணிப்பது கடினம்.

இவையெல்லாம் தெரிந்தும் அட்டவணையை முடித்தேன். 2023 அக்டோபர் 7 அன்று பிற்பகல் அத்திபெலேயில் ஒரு பட்டாசுக் கிடங்கு தீப்பற்றியது. சரக்குந்திலிருந்து பெட்டிகள் இறக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளை. அன்றே 14 பேர் இறந்தனர். பின்னர் எண்ணிக்கை உயர்ந்தது. தீபாவளி விற்பனைக்கால வேலைக்கு வந்த தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் அவர்களில் இருந்தனர். தருமபுரி மாவட்டத்தின் அம்மாபேட்டை என்னும் ஒரே ஊர் பலரை இழந்தது. மாணவர்களும் இருந்தனர்.

என் அட்டவணையில் பட்டாசுக் கிடங்கு இல்லை. அதே ஆண்டு ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரியில் பட்டாசுக் கிடங்கு வெடித்து உயிர்கள் போன செய்தியை நான் படித்திருந்தேன். ஆயினும் தோன்றவில்லை. எல்லையைக் கடந்து வரக்கூடிய தீயவனையே தேடிக்கொண்டிருந்த எனக்கு, எல்லையைக் கடந்து கூலிக்கு வந்த பையன்கள் கண்ணில் படவில்லை.

2024 மார்ச் 1 அன்று புரூக்ஃபீல்டு ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது. பலர் காயமுற்றனர், நல்வாய்ப்பாக உயிரிழப்பு இல்லை. சில நாட்களில் ஒன்றிய அமைச்சர் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து வருவோரை அக்குற்றத்தோடு இணைத்துப் பேசினார். பின்னர் மன்னிப்புக் கேட்டார். அவரை விமர்சிப்பது எளிதாக இருந்தது. ஆனால் சோதனைச் சாவடிக்கு நான் கொடுத்த 4 என்ற மதிப்பெண்ணை எடுத்துப் பார்த்தேன். அதற்குள் இருந்த எண்ணமும் ஏறத்தாழ அதுதான். மேடையில் சொன்னால் அது மன்னிப்புக் கேட்க வேண்டிய பேச்சு. அட்டவணையில் இட்டால் அது முறையியல்.

குற்றவாளியைத் தேடுவது காவல்துறையின், புலனாய்வு முகமையின் பணி. அவசரகால அமைப்பின் கேள்விகள் வேறு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் பேரிடரை வரையறுக்கும்போது இயற்கையையும் மனிதச் செயலையும் விபத்தையும் அலட்சியத்தையும் ஒரே வரையறைக்குள் வைக்கிறது. அது பொருத்தமானதே. தீயை மூட்டியது சதியா, கவனக்குறைவா என்பது தீக்காயம் பட்டவருக்கு முதல் ஒரு மணிநேரத்தில் பொருட்டன்று. தீயணைப்பு வண்டி எவ்வளவு நேரத்தில் வரும், தீக்காயச் சிகிச்சைக்கு எத்தனை படுக்கைகள் உள்ளன, எல்லைக்கு அப்பால் ஓசூரிலிருந்து உதவியை யார் அழைப்பது, உள்ளே எத்தனை பேர் வேலை செய்தனர் என்ற பதிவு எங்கே இருக்கிறது — இவையே பொருட்டு. இவற்றுக்கெல்லாம் விடை தேட முடியும், ஊகம் தேவையில்லை.

அட்டவணையைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். அச்சுறுத்தல் என்ற பத்தியை நீக்கவில்லை, கடைசிக்கு நகர்த்தியிருக்கிறேன். முதல் பத்தியின் தலைப்பு இப்போது இது: ‘இங்கே யார் இருக்கிறார்கள்?’