பாதையடிக் கடை

முப்பத்திரண்டு விநாடி. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் 887 மீற்றர் பாலத்தைக் கடக்க அவ்வளவுதான் பிடித்தது. “மச்சான், பாலம் வருது, நல்லாப் பாத்துக்கங்க” என்று தங்கச்சியின் மாப்பிள்ளை சொல்லி வாய் மூடுவதற்குள் நாங்கள் பரோ ஆற்றைத் தாண்டியிருந்தோம். ஆறு எங்கே என்று நான் திரும்பிப் பார்த்தபோது பின்கண்ணாடியில் கேபிள்கள்தான் தெரிந்தன.

2024 இல் அயர்லாந்தின் வோட்டர்போர்ட் நகரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சான் கட்டட வேலைகளுக்கு அளவுக் கணக்குப் பார்க்கிறவர். கட்டாரில் பல வருடம் இருந்துவிட்டு அங்கே போனவர். பாலம் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். கோட்டை, தேவாலயம் என்று எதையும் காட்டாமல் முதல் நாளே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு நியூ ரொஸ் பைபாஸுக்கு வந்துவிட்டார். பின் ஆசனத்தில் தங்கச்சி பேசாமல் இருந்தாள்.

நியூ ரொஸ், வெக்ஸ்போர்ட் மாவட்டத்தில் பரோ ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய துறைமுகப் பட்டினம். கோர்க் நகரிலிருந்து கிழக்குக் கரையில் ரொஸ்லெயார் துறைமுகத்துக்குப் போகும் என் 25 பிரதான வீதியும், வடகிழக்கே எனிஸ்கோர்த்திக்குப் போகும் என் 30 உம் இந்த ஊருக்குள்தான் சந்தித்தன. இரண்டுக்கும் ஊர் நடுவே ஒரேயொரு பாலம். 1916 எழுச்சிக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவரும் இந்த ஊரில் பிறந்தவருமான மைக்கல் ஓ’ஹன்ரஹானின் பெயர் அதற்கு. கப்பலால் இறங்கிய பார லொறிகளும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய கார்களும் அந்த ஒரு பாலத்தில் ஒன்றையொன்று முட்டாத குறையாக நின்றன. அதனால்தான் ஊருக்குத் தெற்கே ஆற்றைக் கடந்து, கிட்டத்தட்ட 14 கிலோமீற்றருக்கு இரட்டை வழி வீதி போட்டார்கள். வேலை 2016 இல் தொடங்கியது. 2020 ஜனவரி 29 ஆம் திகதி அன்றைய பிரதமர் லியோ வரட்கர் திறந்து வைத்தார். மும்பாயில் பிறந்த ஒரு வைத்தியரின் மகன் அயர்லாந்தில் பாலம் திறக்கிறார். அதையும் மச்சான் ஒரு பெருமையோடுதான் சொன்னார்.

பாலத்தின் பெயர் ரோஸ் பிற்ஸ்ஜெரால்ட் கென்னடி பாலம். அமெரிக்க ஜனாதிபதி ஜோன் எப். கென்னடியின் தாய் அவர். பஞ்ச காலத்தில் கென்னடியின் பாட்டனாரின் தந்தை இந்தப் பட்டினத்துக்குக் கிட்டவுள்ள டங்கன்ஸ்ரவுணிலிருந்துதான் அமெரிக்காவுக்குப் போனார். 1963 ஜூனில் ஜனாதிபதியாகத் திரும்பி வந்த கென்னடி நியூ ரொஸ் துறைமுகத்தில் நின்று பேசினார். இதில் எனக்குப் பிடித்தது, மகனின் பெயரை விட்டுவிட்டு உம்மாவின் பெயரை வைத்ததுதான். எங்கள் பக்கம் ஒரு வாசிகசாலைக்கே உம்மாவின் பெயரை வைக்கச் சம்மதிப்பார்களா தெரியாது.

ஆற்றோரச் சிறு வீதி ஒன்றில் காரை நிறுத்தி, கீழே நின்று பாலத்தைப் பார்த்தோம். மேலே ஓடும்போது தெரியாத அழகு கீழே நின்றால்தான் தெரிகிறது. ஒன்பது கண்கள். நடுவிலுள்ள இரண்டும் ஒவ்வொன்றும் 230 மீற்றர். முழுக்க முழுக்கக் கொங்கிறீற்றால், இந்த வகைப் பாலத்தில், உலகத்திலேயே இவ்வளவு நீளக் கண் வேறெங்கும் இருக்கவில்லை என்று திறந்தபோது சொன்னார்கள். 

“இந்த வகை” என்றால் என்ன என்று கேட்டேன். வாத்தியார் புத்தி, வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மச்சான் உற்சாகமாகிவிட்டார். வோட்டர்போர்ட்டில் ஷூர் ஆற்றின் மேல் 2009 இல் திறந்த பாலம் ஒன்று இருக்கிறது. அதுவும் ஒரு பைபாஸ் பாலந்தான். அதன் பெரிய கண்ணும் 230 மீற்றர். ஆனால் அதைத் தூக்கிப் பிடிக்க 112 மீற்றர் உயரக் கோபுரம் தேவைப்பட்டது. இங்கே நடுக்கோபுரம் தட்டிலிருந்து 27 மீற்றர்தான், பக்கத்துக் கோபுரங்கள் 16 மீற்றர். அங்கே கேபிள்கள் மேலிருந்து தட்டைத் தூக்கிப் பிடிக்கின்றன. இங்கே தட்டு தன் பாரத்தில் பெரும்பங்கைத் தானே சுமக்கிறது. கேபிள்கள் அதை நீளவாக்கில் இறுக்கி உதவி செய்கின்றன. அதனால் தட்டு தூண்களருகே தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கிறது. ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் இரண்டு பக்கமும் துண்டு துண்டாக, தராசுபோலச் சமன் பார்த்து நீட்டிக்கொண்டே போய் நடுவில் சேர்த்திருக்கிறார்கள்.

கோபுரத்தைக் குள்ளமாக வைத்தது அந்தப் பள்ளத்தாக்கை மறைக்காமல் இருப்பதற்காக. ஆனால் தட்டைத் தாழ்த்த முடியவில்லை. நியூ ரொஸ் துறைமுகத்துக்குக் கப்பல்கள் இந்த வழியால்தான் போக வேண்டும். ஆகவே நீருக்கு மேல் 36 மீற்றர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஊரை விட்டு விலகிப்போன வீதி, ஊருக்கு வரும் கப்பலுக்குத் தலை உயர்த்தி வழி விடுகிறது. செலவு கிட்டத்தட்ட 23 கோடி யூரோ. கட்டிய தனியார் கூட்டே 25 வருடம் பராமரிக்க, அரசாங்கம் பணம் கொடுக்கும். போகிறவர்களிடம் சுங்கம் வாங்குவதில்லை.

அந்த நாட்டில் வீதி போடுகிறவர்களுக்குப் பொறுமை அதிகம். வோட்டர்போர்ட் பைபாஸுக்காக நிலத்தைச் சோதித்தபோது 2003 இல் வூட்ஸ்ரவுணில் வைக்கிங் காலக் குடியிருப்பு ஒன்று வெளிப்பட்டது. வீதியையே அப்பால் தள்ளினார்கள். அதைவிட வேடிக்கை கிளெயர் மாவட்டத்து லட்டூன் முள்மரம். 1999 இல் அதை வெட்டி என் 18 வீதியைக் கொண்டுபோகப் பார்த்தபோது, கதைசொல்லி எடி லெனிஹன், அது தேவதைகள் கூடும் மரம், வெட்டினால் வீதியில் உயிர்கள் போகும் என்று பத்திரிகைக்கு எழுதினார். மரம் தப்பியது. இன்றும் வீதியோரம் நிற்கிறது. இடையில் யாரோ அதன் கிளைகளை அறுத்துவிட்டுப் போனார்கள், மறுபடி துளிர்த்துவிட்டது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நான் கொஞ்சம் புளிப்பாகத்தான் சொன்னேன்: “மரத்துக்கு வளைச்சிருக்காங்க, செத்துப்போன வைக்கிங்குக்கு வளைச்சிருக்காங்க. தேத்தண்ணிக் கடைக்கு ஒருத்தனும் வளைக்க மாட்டான்.”

மச்சானுக்கு விளங்கவில்லை. தங்கச்சிக்கு விளங்கியது.

எங்கள் கிண்ணியாவில் ‘பாதை’ என்றால் வீதி மட்டுமல்ல. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். திருகோணமலைக்குப் போக வேண்டுமென்றால் பாதையடியில் காத்துக் கிடக்க வேண்டும். அந்தப் பாதையடியில்தான் வாப்பாவின் கடை. நாலு கம்பும் கிடுகும் ஒரு பெரிய கேத்தலும். பாதை அக்கரையில் நிற்கிற நேரம்தான் வாப்பாவுக்கு வியாபாரம். காத்திருப்பவன் பஸ்ஸிலிருந்து இறங்குவான், கால் நீட்டுவான், ஒரு பிளேன்ரீ கேட்பான். என் ஆசிரியர் கலாசாலைச் செலவு முழுக்க அந்தக் காத்திருப்பிலிருந்து வந்தது.

2009 ஒக்டோபர் 20 ஆம் திகதி கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர், இலங்கையில் ஆக நீளமான பாலம் என்று அன்றைக்குப் பெரிய கொண்டாட்டம். நான் என் வகுப்புப் பிள்ளைகளைக் கொடிகளோடு வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன். வாப்பாவின் கடை அன்றைக்குத் திறந்திருந்ததா என்றுகூட நான் பார்க்கவில்லை. ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது வாப்பா சொன்னார்: “பாலம் வந்தா நல்லதுதானே மகன். புள்ளத்தாச்சி ஒருத்தி ராவு முழுக்க பாதைக்குக் காத்துக் கிடந்தத நான் கண்டவன்.” அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்கு வருடத்தில் மௌத்தாகிவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். 2021 நவம்பர் 23 ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில், புதுப் பாலம் கட்டி முடியாதிருந்த காலத்தில், பாதை கவிழ்ந்து பாடசாலைக்குப் போன பிள்ளைகள் மூழ்கிப்போனார்கள். அதற்குப் பிறகு பாலத்துக்கு எதிராக ஒரு சொல் எழுத எந்தக் கிண்ணியா வாத்தியாருக்கும் கை வராது.

“ஊருக்குள்ள போவோம் மச்சான். பைபாஸால போகாம, பழைய வழியால” என்றேன்.

ஆற்றை ஒட்டிய தெருவில் ஒரு சிறிய தேநீர்க் கடைக்குள் போனோம். எதிரே பஞ்சகாலத்துக் கப்பல் டன்புரொடியின் மாதிரி கட்டப்பட்டுக் கிடந்தது. கடைக்காரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். ஆட்கள் குறைவான நேரம். என் உடைந்த ஆங்கிலத்தில் நேராகவே கேட்டேன்: பைபாஸ் வந்து உங்கள் வியாபாரம் போய்விட்டதா?

அவ சிரித்துவிட்டு, அதை யாராலும் சொல்ல முடியாது என்றா. திறந்தது ஜனவரி கடைசியில். மார்ச் மாதம் கொரோனாவுக்காக நாடே அடைபட்டது. கடைக்கு வராதவன் பாலத்தால் போய்விட்டானா, வீட்டுக்குள் இருந்துவிட்டானா? கணக்குப் புத்தகத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. பிறகு சொன்னா: முன்பு வாசலில் வாகனங்கள் நிற்கும், ஆனால் அந்த வரிசையில் இருந்து எவரும் தேநீர் குடித்ததில்லை. இறங்கினால் வாகனத்தை எங்கே விடுவது? லொறி போனால் தட்டிலுள்ள கோப்பைகள் கிணுகிணுக்கும். கதவைச் சாத்தினால்தான் வந்தவர் கேட்பது காதில் விழும். இப்போது வருகிறவர் இந்த ஊருக்கென்றே வருகிறார். ஆனால், ஊருக்கு வெளியே பழைய வீதியில் கடை வைத்திருந்தவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள் என்று அவவே சேர்த்துக்கொண்டா.

நான் தேடிப் போன பதில் அதில் இல்லை. அங்கே காத்திருப்பு புகையாகப் போயிருக்கிறது. எங்கள் பாதையடியில் காத்திருப்புத்தான் எங்களுக்குச் சோறு போட்டது. இரண்டையும் நான் ஒரே தராசில் வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் தங்கச்சி வாய் திறந்தாள். பாலம் திறந்த அன்று அவளுக்குப் பதினைந்து வயது.

“அண்டைக்கு ராவு வாப்பா கிளாஸ் எல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டு வந்தவர் காக்கா. கிணத்தடியில குந்தி ஒவ்வொண்டா சாம்பல் போட்டுக் கழுவினவர். விடியவிடியக் கழுவின மாதிரி. நான் விளக்குப் பிடிச்சன்.”

“எனக்கேன் சொல்லல்ல?”

“சொல்லாதண்டவர். புள்ளையள கூட்டிட்டுப் போன சந்தோசத்தில இருக்கான், கெடுக்காத எண்டார்.”

மச்சான் காசு கொடுக்க எழும்பிப் போனார். கடைக்காரம்மா கோப்பைகளை எடுத்துப் போனா.

“அந்தக் கிளாஸெல்லாம் எங்க இப்ப?” என்று கேட்டேன்.

“உம்மா ஆறு தந்தவ. துணியில சுத்தி இங்க கொண்டு வந்தன். ரெண்டு உடைஞ்சி போச்சி.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: “நீங்க வந்த நாள்லேருந்து காலத்தால குடிக்கிறது அதிலதான்.”

திரும்பும்போது பைபாஸுக்கு ஏறாமல் ஓ’ஹன்ரஹான் பாலத்தால் போகச் சொன்னேன். எங்களுக்கு முன்னால் மூன்று கார்கள்தான் நின்றன.